தோன்றா எழுவாய்

1

இந்தக் கதை எனக்கு ஆட்டோவில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வந்து "இது கற்பனையா, நெசமா" என்று யாரும் என் உயிரை எடுக்க வேண்டாம்.

வில்லாபுரத்திலிருந்து சிம்மக்கல் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தினமும் கொண்டுபோய் விடுகிறவர் கருத்தக்கண்ணன். ஒருநாள் தெற்குவாசல் பாலத்தில் வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு டவுன் பஸ் குறுக்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "டீச்சர், ஒரு காமெடி கேளுங்க" என்று ஆரம்பித்தார். பாலம் இறங்குவதற்குள் கதை முடிந்துவிட்டது. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான். எங்கள் ஏரியாவில் ஒரு மாடி வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். என்னமோ பண்ணிக்கொள்ளப் போகிறாள் என்று பயந்துபோய்க் கதவை உடைத்தார்கள். உள்ளே பார்த்தால் தொங்கிக்கொண்டிருந்தது பல்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று பதறாதீர்கள். அது கருத்தக்கண்ணனுடைய முடிவு. எனக்கு அது பத்தவில்லை. ராத்திரியெல்லாம் பேப்பர் திருத்திக் கை ஓய்ந்துபோன தமிழ் டீச்சர் நான். எனக்கு ஒரு சிரிப்புக் கதை எழுதி, அக்கடா என்று கிடக்க ஆசை. எழுத உட்கார்ந்தால், சனியன், சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வில்லாபுரத்து மாடி வீடொன்றின் ஜன்னலில் மாலை வெயில்..." வேண்டாம். நடந்தது மத்தியானம். மாலை வெயிலை யாரிடம் கடன் வாங்குவது?

"பிருந்தாவுக்குச் சிறுவயது முதலே இயந்திரங்கள் மீது..." சிறுவயது எதுக்கு இப்போ?

"கேமரா என்பது ஒரு..." சீச்சீ. தத்துவத்தைக் கதையின் வாசலிலேயே கோலம் மாதிரிப் போட்டால் எவன் உள்ளே வருவான்?

சரி, நேராகவே சொல்கிறேன். அந்த மாடி வீட்டுப் பெண் பிருந்தாவிடம் ஒரு பிரிண்டர் இருந்தது. பிரிண்டர் என்றதும் பேப்பர் கக்குகிற மிஷினை நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கருத்தக்கண்ணனிடம் அசடு வழிந்தேன். இது ரெசின் பிரிண்டர். அடியில் ஒரு சின்னத் தொட்டி, அதில் விளக்கெண்ணெய் மாதிரி ரெசின். தொட்டிக்குக் கீழிருந்து ஒருவித வெளிச்சம் அடிக்கும், வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கெட்டியாகும். மேலே ஒரு தட்டு. அது தொட்டிக்குள் முங்கும், எழும், மறுபடி முங்கும். ஒவ்வொரு முங்கலுக்கும் ஒரு ஏடு ஒட்டி ஒட்டி, பண்டம் அந்தத் தட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வளரும். முடிய மணிக்கணக்காகும்.

பிருந்தா செய்தது பல் மாதிரிகள். டாக்டர் நோயாளியின் வாயைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் அனுப்புவார். இவள் அந்தத் தாடையை அப்படியே அச்சடித்துக் கொடுப்பாள். அதை வைத்துத்தான் அங்கே பல் செட் கட்டுவார்கள்.

இதில் ஒரே வில்லங்கம், சில சமயம் பண்டம் தட்டில் தொங்காது. பாதியில் பிடி விட்டுத் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மிஷினுக்கு அது தெரியாது. வெறும் தட்டு பாட்டுக்கு முங்கி எழுந்துகொண்டிருக்கும்.*

(* எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேலே விளக்க எனக்குத் தெம்பு இல்லை.)

3

இனி அந்தக் கேமரா.

ரெசின் நாற்றம் பிருந்தாவுக்குத் தலைவலி. அதனால் பின்னறையில் மிஷினை வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி வைத்திருந்தாள். தொங்குகிறதா விழுந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் மாஸ்க், கையுறை எல்லாம் மாட்டி உள்ளே போக வேண்டும். போனால் மண்டை இடிக்கும். போகாவிட்டால் மனசு இடிக்கும்.

அவள் புருஷன் ஸ்ரீராம்குமார் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அம்மா அப்பாவோடு அங்கேயே இருக்கிறான். மாசத்துக்கு ஒருமுறை வருவான். "ரெடிமேடா ஒரு கேமரா வாங்கிக்கலாம்ல?" என்றான் போனில்.

"அது வாங்குனா படம் எங்கெங்கயோ போயிட்டு வரும்ங்க. நானே ஒண்ணு செஞ்சுக்கிறேன். வீட்டு வைஃபைக்குள்ளயே சுத்தட்டும்."

செய்தாள். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு போர்டு, அதன் நெற்றியில் உளுந்தளவு லென்ஸ். கம்ப்யூட்டரில் கோர்த்து, நெட்டில் கிடைத்த புரோகிராமை ஏற்றினாள். முதலில் படம் பூராவும் கோடு கோடாக வந்தது. சார்ஜர் ஒயரை மாற்றியதும் கோடு போனது. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. லென்ஸைத் திருகவிடாமல் கம்பெனியிலேயே ஒரு சொட்டுப் பசை வைத்திருந்தார்கள். தாலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி அதைச் சுரண்டி, லென்ஸை ஒரு முடி திருகினாள். தெளிந்தது. போர்டில் ஒரு வெள்ளை லைட்டும் இருந்தது. அது தப்பித் தவறி எரிந்து ரெசினைக் கெடுத்துவிடக் கூடாதே என்று, தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். எல்லாவற்றையும் பெருங்காய டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு அடக்கி, மிஷினுக்கு எதிரே அலமாரியில் வைத்தாள்.

போன் பிரவுசரில் கேமராவின் நம்பரைப் போட்டதும் படம் வந்தது. பிரிண்டரின் ஆரஞ்சு மூடி வழியாகப் பார்ப்பதால் எல்லாமே ஆரஞ்சு. தட்டு முங்கியது, எழுந்தது. அவள் கைதட்டினாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

(அவள் கைதட்டினதை நான் எங்கே பார்த்தேன்? பார்க்கவில்லை. ஆனால் அம்புட்டு வேலை செய்தவள் கைகூடத் தட்டாமல் இருப்பாளா?)

4

இந்த இடத்தில்தான், பிருந்தா நன்றாகத்தான் இருந்தாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

ஏனென்றால் அந்தக் கேமரா அவளுக்குக் காட்டியதெல்லாம் தோல்வியைத்தான். முன்பு உள்ளே போய்ப் பார்த்தால்தான் விழுந்தது தெரியும். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. ஒரே ஆளின் கீழ்த்தாடை, திரும்பத் திரும்ப விழுந்தது. கிளினிக்கில் டாக்டர் வர்ஷினி நல்ல மாதிரிதான். அவரும் கடைசியில், "பிருந்தா, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நான் வேற லேப்ல குடுத்துருவேன்மா" என்று சொல்லிவிட்டார். ஸ்ரீராம்குமாரும் சொல்லியிருந்தான், இந்தத் தடவையும் விழுந்தால் மிஷினை வித்துவிட்டுக் கோயம்புத்தூர் கிளம்பு என்று. இவளும் தலையாட்டியிருந்தாள். ஆக, அன்றைக்கு அந்தத் தட்டில் தொங்கவேண்டியது மேலூர்க்காரர் ஒருத்தரின் கீழ்த்தாடை மட்டும் இல்லை. பிருந்தா இந்த ஊரில், இந்த வேலையில் இருப்பாளா மாட்டாளா என்பதும்தான்.

இதுவரை சரி. ஆனால் கருத்தக்கண்ணன் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: "அந்தப் பிள்ள ரொம்ப நாளாவே ஒரு மாதிரிதான் டீச்சர். பாத்தா ஓஞ்சு போய் இருக்கும்."

ஏன் ஓய்ந்து போனாள்? கதைக்காரிக்குக் காரணம் வேண்டுமே. குழந்தை இல்லை என்று எழுதினேன், அடித்தேன். மாமியார் கொடுமை என்று எழுதினேன், அதையும் அடித்தேன். (அந்த அம்மா பாவம், கோயம்புத்தூரில் முட்டிவலியோடு கிடக்கிறார். அவரை இழுப்பானேன்?) எழுதிய காரணம் ஒவ்வொன்றும் கடையில் தொங்குகிற ரெடிமேட் சட்டை மாதிரி இருந்தது. யாருக்கும் பொருந்தும், இவளுக்கு மட்டும் பொருந்தாது.

காரணம் இல்லாமல் ஓய்ந்து போகக் கூடாதா, என்ன? காலையில் எழும்போதே சாயங்காலம் மாதிரி இருக்கிற நாட்கள் எனக்கும் உண்டு. அதற்கு நான் யாரிடமும் காரணம் எழுதிக் கொடுத்ததில்லை. பிருந்தாவை அப்படியே விடுகிறேன். அவள் ஓய்ந்து போயிருந்தாள், அவ்வளவுதான்.

5

அன்று மத்தியானம் பிரிண்டரை ஓடவிட்டு, வாசல் கதவுக்கு உள்பக்கம் கொண்டியைப் போட்டுவிட்டு, அடுப்படி ஜன்னலோரம் நின்று பிருந்தா புருஷனோடு பேசினாள். மிஷின் ஆரம்பித்து ஒரு மணி நேரந்தான் ஆகியிருந்தது. பண்டம் தொட்டிக்குள்ளேயே இருக்கும், மேலே தெரியாது. தொங்குகிறதா என்று அறிய இன்னும் கொஞ்ச நேரமாகும். அவள் பேசியது:

"இல்லைங்க, இன்னும் தெரியல... ஆமா, ஒருதடவை ஒழுங்காத் தொங்கிட்டாப் போதும்ங்க. எல்லாருக்கும் நிம்மதி... கதவெல்லாம் சாத்திட்டேன். யாரும் வரக் கூடாது, வந்தாக் கெட்டுப் போயிரும்... சப்போர்ட் பத்தலைங்க, அதான் ஒவ்வொரு தடவையும்... இல்ல இல்ல, இன்னைக்கோட முடிஞ்சிரும்... இனிமே என்னால முடியாதுங்க. வச்சிரவா?"

சப்போர்ட் என்றால், பண்டம் விழாமல் இருக்கத் தட்டுக்கும் அதற்கும் நடுவில் மிஷினே அச்சடித்துக்கொள்கிற மெல்லிய கால்கள். நீங்களும் நானும் இதை இப்போது தெரிந்துகொண்டோம். மாடிப்படியில் நின்றவருக்குத் தெரியாது.

நின்றவர் ஒச்சம்மாள். வீட்டு ஓனர், கீழ் வீட்டில் இருக்கிறார். சத்துணவு அமைப்பாளர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சத்தம் போட்டே வரிசையில் உட்காரவைத்த தொண்டை. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் படியேறிக்கொண்டிருந்தார்.

6

(ஒரு நிமிஷம் டீச்சராகிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் புத்தி.)

தமிழில் எழுவாய் இல்லாமலே பேசலாம். "வந்தாச்சா?" "சாப்பிட்டாச்சு." யார், எது என்று யாரும் சொல்வதில்லை. வெளியே தெரியாமல் வாக்கியத்துக்குள் இருப்பதைத் தோன்றா எழுவாய் என்று பிள்ளைகளுக்கு நடத்துவேன். பெரும்பாலும் வினைமுற்று காட்டிக் கொடுத்துவிடும். தொங்கினாள் என்றால் பெண், தொங்கியது என்றால் ஒரு பொருள். ஆனால் "தொங்கிட்டா"? தொங்கிவிட்டால். அது எச்சம். அதில் ஆளும் இல்லை, பொருளும் இல்லை, ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. கேட்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒச்சம்மாள் போட்டுக்கொண்டார்.

7

மாடியில் துணியை ஒவ்வொன்றாக உதறி எடுத்துக்கொண்டு இறங்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. துணியைப் படியிலேயே போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார். "ஏத்தா பிருந்தா! கதவத் தொறத்தா!" பதில் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தார். அடுப்படி காலி. பின்னறை ஃபேன் மட்டும் ஊளையிட்டது. மறுபடி தட்டினார். தெரு முக்குக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து கருத்தக்கண்ணன் ஓடிவந்தார்.

"தம்பி, ஒதைடா கதவ!"

"என்னக்கா, என்னாச்சு?"

"ஒதைங்கிறேன்ல!"

இரண்டாவது உதைக்குக் கொண்டி பிய்த்துக்கொண்டு போய் எங்கேயோ விழுந்தது.

இங்கே நீங்கள் கேட்பீர்கள்: இவ்வளவு சத்தத்துக்கு அவள் எழுந்திருக்க மாட்டாளா? நானும் கேட்டேன். "செத்த தூக்கம் டீச்சர்" என்று சொன்ன கருத்தக்கண்ணன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிருந்தா முன்னறையில் தரையில் கிடந்தாள். போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, அந்த ஆரஞ்சுப் படத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போயிருந்தாள். ஒச்சம்மாள் அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அப்படியே அவளைக் கட்டிக்கொண்டார்.

"என்னடி கேடு ஒனக்கு? கீழ ஒருத்தி இருக்கேன்ல? வாயத் தொறந்து சொன்னா என்ன?"

பிருந்தாவுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கன்னம் எரிந்தது. அதற்குள் கருத்தக்கண்ணன் பின்னறைக்குள் ஓடி லைட்டைப் போட்டுவிட்டார். தரையில் கிடந்த போனில் அவர் முகம் தெரிந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் குனிந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவள் தூங்கிய நேரத்தில் தட்டு தொட்டியை விட்டு நன்றாக மேலே ஏறியிருந்தது.

"யக்கோவ்!" என்று கத்தினார். "இங்க பல்லு தொங்குதுக்கா! பல்லு மட்டும் தொங்குது!"

8

முடிவுகள்.

(அ) கருத்தக்கண்ணனுடையது: எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒச்சம்மாள் டீ போட்டார். சாயங்காலம் கருத்தக்கண்ணனே தாடையை ஆட்டோவில் ஏற்றி, பிருந்தாவோடு கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டருக்குத் திருப்தி. சுபம்.

(ஆ) கதவு உடைந்த அதிர்ச்சியில் மிஷின் ஆடி, பண்டம் விழுந்துவிட்டது. பிருந்தா கோயம்புத்தூர் பஸ்ஸில்... இல்லை. இது என் களைப்பு எழுதுகிற முடிவு. அவளுக்கு இது வேண்டாம்.

(இ) ஒச்சம்மாள் பிருந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு

என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. (அ) நிஜம்தான், தாடை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, கிளினிக் வேலை இன்னும் வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்தவர் பேச்சில் அரைகுறையாக ஒரு வார்த்தை கேட்டால், நாம் உடனே கதவை உடைப்போமா? என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வீட்டு ஓனர், "டீச்சரா? அவங்க அப்படித்தான் எதையாவது பேசுவாங்க" என்று துணியை மடிக்கப் போயிருப்பார். உறைத்த பிறகு ஒச்சம்மாள் ஏன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை? அத்தனை நாளாகப் படியேறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பெண்ணின் முகத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

ஞாயிற்றுக்கிழமை நேராகப் போய்விட்டேன்.

9

பிருந்தா காப்பி கொடுத்தாள். பெருங்காய டப்பாவைக் காட்டினாள். ஆரஞ்சுப் படத்தில் யாரோ ஒருவருடைய மேல்தாடை நிதானமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் சப்போர்ட் கால்களைக் கனமாகப் போடுகிறாளாம், விழுவதில்லையாம். நான் எழுதுகிறவள் என்று சொன்னதும் சிரித்தாள்.

"எழுதுங்க டீச்சர். ஆனா கருத்தக்கண்ணன் அண்ணே சொல்ற மாதிரி நானும் சிரிச்சேன்னு எழுதிராதீங்க. அவங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

"ஒச்சம்மாள் ஒங்கிட்ட எதுவும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பல்லத்தானடி சொன்னன்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன்."

"பல்லத்தான் சொன்னியா?"

காப்பி டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

"அவர்ட்ட பேசுறப்ப பல்லத்தான் டீச்சர் சொன்னேன். சத்தியமா. போன வச்சப்புறம், நான் சொன்னது எனக்கே கேட்டுச்சு. ஒருதடவை தொங்கிட்டாப் போதும், எல்லாருக்கும் நிம்மதின்னு. நல்லாருக்கேன்னு தோணுச்சு. அதையே நெனச்சுக்கிட்டுப் படுத்தேன். எப்பத் தூங்குனேன்னு தெரியல." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கன்னத்துல அந்த அறை விழுந்துச்சுல்ல, அதுக்கப்புறம் அப்படித் தோணல. இப்ப நல்லாத்தான் இருக்கேன். பயப்படாதீங்க."

நான் பயந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மனநல டாக்டரைப் பார்ப்போமா, நானே கூட வருகிறேன் என்றேன். யோசித்துவிட்டு, "ம்" என்றாள். இந்த வாரம் போகிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் போன் பண்ணி என்னோடு வரச்சொல்லிவிட்டேன், கதைக்காக இல்லை.

கிளம்பும்போது கதவைக் காட்டினாள். பலகையைச் செதுக்கி ஒட்டி, பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி ஆக்கியிருந்தார்கள். உள்பக்கம் கொண்டி இல்லை. கொண்டி இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை.

"கீழ அக்காட்ட எத்தனை தடவை கேட்டுட்டேன். ஆசாரி வரலைங்கிறாங்க. ஆசாரி வந்துதான டீச்சர் கதவையே சரி பண்ணாரு? குளிக்கப் போனாக்கூடக் கதவுக்குச் சேர் முட்டுக் குடுத்துட்டுப் போறேன். நெனச்ச நேரம் அவங்க தொறந்துக்கிட்டு வாராங்க. கையில குழம்பு இருக்கும், இல்லாட்டிச் சும்மா எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. ஒரு மனுஷிக்குக் கதவச் சாத்திக்கிட்டு உக்கார ஒரு எடம் வேணாமா? நீங்க பெரியவங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

சொல்கிறேன் என்றேன்.

10

கீழே ஒச்சம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். மேலே நாங்கள் பேசிய நேரமெல்லாம் அங்கேயேதான் நின்றிருப்பார் போல.

"கொண்டி போடச் சொன்னாளா?"

"ஆமா."

உள்ளே போய், ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். பளபளவென்று புதுக் கொண்டி, திருகாணிகளோடு.

"அன்னைக்கே வாங்கிட்டேன் டீச்சர். ஆசாரி மாட்டுறேன்னுதான் நின்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். வாடகைக்கு இருக்கிற பிள்ள, கேக்குறது நியாயந்தான். எனக்கும் தெரியுது. ஆனா பூட்டுனா எனக்குத் தூக்கம் வராது. இன்னொரு நாள் நான் துணி எடுக்கப் படியேறாமப் போயிட்டா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவகூட ஒக்காந்து பேசிட்டு வாரீங்க. படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. போடவா, வேணாமா?"

நான் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. எழுதினால், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். ஆசாரி நாளைக்கு வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வருகிறார். பிருந்தா சொன்னதைக் கேட்டுவிட்டீர்கள், ஒச்சம்மாள் சொன்னதையும் கேட்டுவிட்டீர்கள். அவர் கையில் கொண்டியை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.